சின்னக் குழந்தைகளுக்கு அலர்ஜி, ஆஸ்துமா: பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

தோலில் அரிப்பு, கொஞ்ச நாள் கழித்து ஏதோ சாப்பிட்டதும் தடிப்பு, அப்புறம் சளி பிடிக்கும்போதெல்லாம் மூச்சில் விசில் சத்தம் (வீசிங்). ஐந்து வயதுக்குள் குழந்தைக்கு இப்படி ஒன்றன்பின் ஒன்றாக வரும்போது சுற்றியிருக்கிறவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். அதில் பாதிக்கு மேல் "அதைக் கொடுக்காதே, இதைத் தொடாதே" என்று எதையாவது தள்ளிவைக்கச் சொல்வதாகவே இருக்கும். என் குழந்தைக்குக் கரப்பானும் (தோல் வறண்டு சிவந்து அரிக்கும் எக்ஸிமா) ஆஸ்துமாவும் உண்டு என்பதால் பல வருடமாக இதைப் படித்தும் மருத்துவர்களிடம் கேட்டும் வருகிறேன், என்னிடம் மற்ற பெற்றோர் கேட்பதும் பெரும்பாலும் இதே கேள்விகளைத்தான். உங்கள் குழந்தையைத் தொட்டுப் பார்த்த மருத்துவர் சொல்வதற்கு இது மாற்று இல்லை, ஆனால் அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போக உதவும்.

எங்கள் இரண்டு பேருக்கும் அலர்ஜி இருக்கிறது. குழந்தைக்கு வந்தே தீருமா?

வந்தே தீரும் என்று இல்லை. பெற்றோரில் ஒருவருக்கு ஆஸ்துமாவோ கரப்பானோ இருந்தால் குழந்தைக்கு வாய்ப்பு கூடும், இருவருக்கும் இருந்தால் இன்னும் கூடும், அவ்வளவுதான். இன்னொன்று, பிறவியில் வருவது அலர்ஜி வரக்கூடிய உடல்வாகுதான், குறிப்பிட்ட அலர்ஜி அப்படியே இறங்கி வருவதில்லை. அப்பாவுக்கு இறால் ஒத்துக்கொள்ளாது என்பதற்காகக் குழந்தைக்கும் இறால்தான் ஒத்துக்கொள்ளாமல் போகும் என்று நினைக்க வேண்டாம். அவனுக்குக் கரப்பானாக வரலாம், மூக்கு அலர்ஜியாக வரலாம், எதுவுமே வராமலும் போகலாம். குடும்பத்தில் யாருக்குமே இல்லாத வீட்டுக் குழந்தைகளுக்கும் அலர்ஜி வருகிறது.

கரப்பான் தோலில் வருவது. அதற்கும் ஆஸ்துமாவுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. அலர்ஜி உடல்வாகு உள்ள குழந்தைகளிடம் ஒரு வரிசை அடிக்கடி தெரியும்: முதல் வருடத்தில் கரப்பான், அதை ஒட்டியே உணவு அலர்ஜி, பிறகு வீசிங், மூக்கு அலர்ஜி. மருத்துவர்கள் இதை 'அலர்ஜி அணிவகுப்பு' என்பார்கள். எல்லாக் குழந்தையும் இந்த வரிசையில் கடைசிவரை போவதில்லை, பலர் முதல் கட்டத்திலேயே நின்றுவிடுகிறார்கள். ஆனால் கரப்பான் எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ, எவ்வளவு கடுமையாக இருக்கிறதோ, அவ்வளவுக்கு அடுத்த கட்டங்களுக்கான வாய்ப்பும் கூடுகிறது.

காரணம் தோலிலேயே இருக்கிறது. நல்ல தோல் வெளிப் பொருளை உள்ளே விடாது, கரப்பான் தோல் சாந்து உதிர்ந்த செங்கல் சுவர் மாதிரி. ஃபிலாக்ரின் என்று ஒரு புரதம் தோலின் மேலடுக்கை இறுக்கமாக வைத்திருக்கிறது. அதற்கான மரபணுவில் குறை உள்ளவர்களுக்குக் கரப்பான் அதிகம் வருகிறது என்பது 2006-இல் தெரியவந்தது. அந்த விரிசல் வழியாக வீட்டுத் தூசியில் இருக்கும் உணவுத் துணுக்கு, தூசிப்பூச்சியின் புரதம் எல்லாம் உள்ளே போகும்போது உடம்பு அவற்றை எதிரியாகப் பதிவு செய்துகொள்கிறது. அதே உணவு வாய் வழியாகக் குடலுக்குப் போனால் பெரும்பாலும் நட்பாகப் பழகிக்கொள்கிறது. இந்த ஒரு விஷயம் மனதில் நின்றுவிட்டால், கீழே வரும் பாதிப் பதில்கள் உங்களுக்கே தோன்றிவிடும்.

அப்படியானால் பிறந்ததிலிருந்தே எல்லாக் குழந்தைக்கும் கிரீம் தடவினால் கரப்பான் வராதா?

நியாயமான யோசனைதான், ஆராய்ச்சியாளர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். 2020-இல் பிரிட்டனிலும் ஸ்காண்டிநேவியாவிலும் செய்த இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவுகள் வந்தன, நல்ல தோலுக்குத் தினமும் ஈரப்பதக் கிரீம் தடவியதால் கரப்பான் குறையவில்லை. அதனால் வராத குழந்தைக்குத் தடவித் தடவிக் களைத்துப்போக வேண்டாம்.

வந்துவிட்ட கரப்பானை அடக்குவது வேறு கதை, அங்கே கொஞ்சமும் சோம்பல் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து, பத்து நிமிடக் குளியல், துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்துவிட்டு, தோல் ஈரமாக இருக்கும்போதே வாசனை சேர்க்காத கெட்டியான கிரீமைத் தாராளமாகப் பூச வேண்டும். தாராளம் என்றால் பூசிய பிறகு தோல் மினுமினுக்க வேண்டும். சிவந்து தடித்த இடத்துக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டு களிம்பு. இதற்கும் ஓர் எளிய அளவு உண்டு: பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனி முதல் முதல் மடிப்பு வரை ட்யூபிலிருந்து பிதுக்கினால் சுமார் அரை கிராம், அது விரல்களையும் சேர்த்துப் பெரியவரின் இரண்டு உள்ளங்கை பரப்புக்குப் போதும். ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டுப் பயந்து கடுகளவு தொட்டுத் தடவினால் அரிப்பு அடங்காது, குழந்தை சொறியும், தோல் மேலும் கிழியும், கடைசியில் அதைவிடக் கூடுதல் நாள் களிம்பு பூச வேண்டிவரும். சொன்ன அளவில் சொன்ன நாட்கள் பூசுவதுதான் குறைந்த மருந்தில் முடிக்கும் வழி.

வேர்க்கடலை எண்ணெய் கலந்த பூச்சுகளைக் கரப்பான் தோலில் தடவிய குழந்தைகளுக்குப் பின்னாளில் வேர்க்கடலை அலர்ஜி அதிகமாக இருந்தது என்று 2003-இல் ஓர் ஆய்வு காட்டியது. வெடித்த தோலில் உணவுப்பொருள் எதையும் பூசாதீர்கள்.

வேர்க்கடலை, முட்டை எல்லாம் மூன்று வயதுக்கு மேல்தானே கொடுக்க வேண்டும்?

இல்லை. அது பழைய அறிவுரை, பலர் இன்னும் அதையே பிடித்துக்கொண்டிருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

2000-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம், அலர்ஜி வாய்ப்புள்ள குழந்தைகளுக்கு மூன்று வயதுவரை வேர்க்கடலை வேண்டாம் என்றது. அதன் பிறகும் வேர்க்கடலை அலர்ஜி ஏறிக்கொண்டேதான் போனது, 2008-இல் அந்த அறிவுரையைக் கைவிட்டார்கள். அதே வருடம் இன்னொரு ஆய்வு வந்தது. பிரிட்டனில் வளரும் யூதக் குழந்தைகளையும் இஸ்ரேலில் வளரும் யூதக் குழந்தைகளையும் ஒப்பிட்டதில், பிரிட்டன் குழந்தைகளிடம் வேர்க்கடலை அலர்ஜி சுமார் பத்து மடங்கு. இஸ்ரேலில் ஒரு வயதுக்கு முன்பே குழந்தைகள் வேர்க்கடலைத் தின்பண்டம் சாப்பிடுகிறார்கள், பிரிட்டனில் தவிர்க்கிறார்கள்.

இதைச் சோதித்துப் பார்க்க லண்டனில் அலர்ஜி மருத்துவர் கிடியன் லாக் குழுவினர் கடுமையான கரப்பானோ முட்டை அலர்ஜியோ உள்ள 640 குழந்தைகளை, 4 முதல் 11 மாத வயதில், இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி வாரம்தோறும் வேர்க்கடலை உணவு சாப்பிட்டது, மறுபாதி ஐந்து வயதுவரை தொடவில்லை. 2015-இல் முடிவு வந்தது. தொடக்கத்தில் தோல் பரிசோதனையில் எதுவும் காட்டாத குழந்தைகளில், தவிர்த்தவர்களில் 13.7 சதவீதத்தினருக்கும் சாப்பிட்டவர்களில் 1.9 சதவீதத்தினருக்கும் மட்டும் அலர்ஜி. பரிசோதனையில் லேசாகக் காட்டியவர்களிடமும் 35.3 சதவீதம் 10.6 சதவீதமாகக் குறைந்தது. அதே குழந்தைகளைப் பதின்ம வயதில் மறுபடி பார்த்தபோதும், இடையில் அவர்கள் இஷ்டப்படி சாப்பிட்டிருந்தும், அந்தப் பாதுகாப்பு நிலைத்திருந்தது என்று 2024-இல் சொன்னார்கள்.

இன்றைய நடைமுறை இப்படி: சுமார் ஆறு மாதத்தில், உட்காரவும் கழுத்து நிற்கவும் தொடங்கி மற்ற திட உணவு இறங்க ஆரம்பித்ததும், நன்றாக வெந்த முட்டை, மசித்த வேர்க்கடலை, கோதுமை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பழக்கலாம். கடுமையான கரப்பானோ ஏற்கெனவே முட்டை அலர்ஜியோ இருந்தால் மட்டும் முதலில் மருத்துவரைப் பாருங்கள், பரிசோதனை செய்துவிட்டுச் சிலருக்கு மருத்துவமனையில் வைத்தே முதல் வாய் கொடுப்பார்கள். அப்படிப்பட்ட குழந்தைக்கு நான்கு முதல் ஆறு மாதத்துக்குள்ளேயே தொடங்கச் சொல்வதும் உண்டு. முழுக் கடலை கூடவே கூடாது, ஐந்து வயதுவரை மூச்சுக்குழாயில் சிக்கும் ஆபத்து இருக்கிறது. நைஸாக அரைத்த கடலை வெண்ணெயைத் தாய்ப்பாலிலோ வெந்நீரிலோ தளர்த்திக் கொடுக்கலாம்.

ஒருமுறை கொடுத்து ஒத்துக்கொண்டதும் நிறுத்திவிடாதீர்கள். வாரத்தில் இரண்டு மூன்று முறையாவது தொடர வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

கொடுத்ததும் ஏதாவது ஆகிவிட்டால்?

புது உணவைக் காலையில், குழந்தை நல்ல உடம்போடு இருக்கும்போது, சளி காய்ச்சல் இல்லாத நாளில் கொடுங்கள். ஸ்பூன் நுனியில் கொஞ்சம், பத்து நிமிடம் பார்த்துவிட்டு மீதி. அலர்ஜி பெரும்பாலும் சில நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். ராத்திரி தூங்கப் போகும் நேரத்தில் முதல்முறை கொடுப்பது தப்பு, யாரும் கவனிக்க மாட்டார்கள்.

வாயைச் சுற்றி லேசான சிவப்பு என்றால் உணவு பட்ட எரிச்சலாகவும் இருக்கலாம். உடம்பில் வேறு இடங்களில் தடிப்புத் தடிப்பாக எழும்பினால், உதடும் கண்ணிமையும் வீங்கினால், அது அலர்ஜி, அந்த உணவை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். அதோடு மூச்சுத் திணறல், குரல் மாற்றம், விடாத இருமல், திரும்பத் திரும்ப வாந்தி, குழந்தை வெளிறித் துவண்டுபோவது இவற்றில் ஏதாவது சேர்ந்தால் அது அனஃபிலாக்சிஸ், உயிருக்கே ஆபத்தான கடும் அலர்ஜி. அதற்கு மருந்து தொடையின் வெளிப்புறத் தசையில் போடும் அட்ரினலின் ஊசி ஒன்றுதான். அலர்ஜி சிரப் தடிப்பைக் குறைக்கும், உயிரைக் காப்பாற்றாது, சிரப் கொடுத்துவிட்டு வேலை செய்கிறதா என்று காத்திருக்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். ஊசி எழுதிக் கொடுத்திருந்தால் யோசிக்காமல் போட்டுவிட்டு அவசர ஊர்தியைக் கூப்பிடுங்கள். ஊசி இல்லையென்றால் உடனே கூப்பிடுங்கள். குழந்தையைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சுத் திணறினால் உட்கார்ந்த நிலையில் விடுங்கள், எழுந்து நடக்க விடாதீர்கள். சரியான பிறகும் சில மணி நேரத்தில் திரும்ப வரலாம் என்பதால் மருத்துவமனையில் வைத்துப் பார்ப்பார்கள்.

பால் குடித்தால் வயிறு உப்புகிறது. பால் அலர்ஜியா?

பாலில் உள்ள சர்க்கரை செரிக்காமல் வயிறு உப்புவது ஒன்று, பால் புரதத்தை உடம்பு எதிர்ப்பது இன்னொன்று. முதலாவது தொல்லை, ஆனால் ஆபத்தில்லை, அதுவும் கைக்குழந்தைகளிடம் வயிற்றுப்போக்குக்குப் பிறகு சில நாள் வருவது தவிர அபூர்வம். தடிப்பு, வாந்தி, மலத்தில் ரத்தம், கரப்பான் திடீரென்று கூடுவது இவை இரண்டாவதைக் காட்டும். எதுவானாலும் நீங்களாகவே பாலை நிறுத்திவிடாதீர்கள், வளரும் குழந்தைக்கு அதற்குப் பதில் என்ன என்பதைச் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும்.

தாய்ப்பால் கொடுக்கும் அம்மா எதையாவது விலக்க வேண்டுமா? கர்ப்பத்தில்?

முன்கூட்டியே தடுப்பதற்காக எதையும் விலக்க வேண்டாம், பலன் இல்லை, அம்மா மெலிவதுதான் மிச்சம். குழந்தைக்கு அலர்ஜி உறுதியாகி, அம்மா சாப்பிட்டதும் குழந்தைக்குத் தெரிகிறது என்றால் அப்போது மருத்துவரோடு பேசி விலக்கலாம். தாய்ப்பால் எல்லா அலர்ஜியையும் தடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை, ஆனால் முதல் வருடங்களில் சளித்தொல்லையும் வீசிங்கும் குறைகின்றன, அதற்காகவே கொடுக்கலாம். கொடுக்க முடியாமல் போன அம்மாவை யாராவது "அதனால்தான் ஆஸ்துமா" என்று குத்திப் பேசினால், அது பொய்.

ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடுமே?

தெரியாது, இந்த நம்பிக்கையால் பட்டினி கிடக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள். தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனையும் ஐஜிஇ (அலர்ஜியில் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் புரதம்) ரத்தப் பரிசோதனையும் உடம்பு அந்தப் பொருளுக்கு எதிராக ஆயுதம் தயாரித்து வைத்திருக்கிறதா என்று மட்டும் சொல்லும், அதைப் பயன்படுத்துமா என்று சொல்லாது. பரிசோதனையில் முட்டைக்கு 'பாசிட்டிவ்' காட்டும் குழந்தை தினமும் முட்டை சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருந்தால் அதற்கு முட்டை அலர்ஜி இல்லை, அந்தத் தாளைப் பார்த்து நிறுத்தினால் நிஜமாகவே அலர்ஜி வரக்கூடும். என்ன சாப்பிட்டது, எவ்வளவு நேரத்தில் என்ன ஆனது என்ற கதைதான் முதல் சான்று, பரிசோதனை அந்தக் கதையை உறுதிப்படுத்தத்தான். தடிப்பு வந்ததும் செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள், மருத்துவரைப் பார்ப்பதற்குள் அது மறைந்துவிடும்.

நூறு உணவுக்கு ஒரே ரத்தத்தில் ஐஜிஜி என்ற வேறொரு எதிர்ப்புப் புரதத்தைப் பார்த்துத் தருகிறோம் என்று விற்கும் பரிசோதனைகளுக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஐஜிஜி இருப்பது அந்த உணவைச் சாப்பிட்டுப் பழகியதற்கு அடையாளம், அலர்ஜிக்கு இல்லை.

சளி பிடிக்கும்போதெல்லாம் வீசிங். ஆஸ்துமா என்று வைத்துக்கொள்ளலாமா?

அவசரப்பட வேண்டாம், அதற்காக அலட்சியமும் வேண்டாம். சின்னக் குழந்தையின் மூச்சுக்குழாய் இயல்பிலேயே குறுகல், வைரஸ் சளியில் கொஞ்சம் வீங்கினாலே விசில் சத்தம் வரும். அமெரிக்காவின் டூசானில் 1980-களின் தொடக்கத்தில் பிறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். மூன்று வயதுக்குள் ஒருமுறையாவது வீசிங் வந்தவர்களில் ஏறக்குறைய 60 சதவீதத்தினருக்கு ஆறு வயதில் வீசிங் இல்லை என்று 1995-இல் அந்த ஆய்வு சொன்னது.

மீதிப் பேர் யார் என்று ஊகிக்கச் சில தடயங்கள் உண்டு, அதே டூசான் குழந்தைகளை வைத்து 2000-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். அடிக்கடி வீசிங் வரும் குழந்தைக்கு, பெற்றோரில் ஒருவருக்கு ஆஸ்துமா இருக்கிறதா, குழந்தைக்குக் கரப்பான் இருக்கிறதா என்று பாருங்கள், இவை கனமான தடயங்கள். மூக்கு அலர்ஜி, சளி இல்லாத நாளிலும் வீசிங், ரத்தத்தில் ஈசினோஃபில் (அலர்ஜியில் கூடும் ஒரு வகை வெள்ளணு) அணுக்கள் 4 சதவீதமோ அதற்கு மேலோ இருப்பது, இவை அடுத்த நிலை. கனமானதில் ஒன்றோ, மற்றதில் இரண்டோ இருந்தால் பள்ளி வயதில் ஆஸ்துமா தொடரும் வாய்ப்பு கூடுதல். இரண்டுமே இல்லையென்றால் நிம்மதியாக இருக்கலாம், அந்தப் பக்கம்தான் இந்தக் கணக்கு நன்றாகப் பலிக்கிறது.

ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனையைச் சுமார் ஐந்து ஆறு வயதுக்குக் கீழே சரியாகச் செய்ய முடியாது. அதனால் மருத்துவர் "ஆஸ்துமா மாதிரி இருக்கிறது, மருந்து கொடுத்துப் பார்ப்போம்" என்று சொன்னால் அவருக்குத் தெரியவில்லை என்று நினைக்காதீர்கள். சில வாரம் கொடுத்துப் பார்த்து, நிறுத்திப் பார்த்து முடிவு செய்வதுதான் இந்த வயதில் இருக்கும் வழி.

வீசிங் சத்தம் எதுவும் இல்லை, ராத்திரியில் இருமல் மட்டும்.

சளியெல்லாம் போன பிறகும் தொடர்கிறதா, ஓடினால், சிரித்தால், அழுதால் வருகிறதா என்று கவனியுங்கள். அப்படியென்றால் ஆஸ்துமாவாக இருக்கலாம். மூக்கடைத்து நீர் பின்னால் தொண்டைக்கு இறங்கினாலும் படுத்ததும் இருமல் வரும். திடீரென்று, விளையாடிக்கொண்டிருக்கும்போது, புரையேறித் தொடங்கிய இருமல் என்றால் ஏதாவது உள்ளே போயிருக்கலாம், அன்றே காட்டுங்கள். கடையில் கிடைக்கும் இருமல் சிரப்பைச் சின்னக் குழந்தைக்கு ஊற்றாதீர்கள்.

எப்போது மருத்துவமனைக்கு ஓட வேண்டும்?

சட்டையைக் கழற்றுங்கள். பலரும் காது வைத்து சத்தம் கேட்கிறார்கள், பார்க்க வேண்டியதோ நெஞ்சை. விளக்கைப் போட்டு, குழந்தை அழாமல் இருக்கும்போது, விலா எலும்புகளுக்குக் கீழே பாருங்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் அங்கே தோல் உள்ளே இழுத்துக் குழி விழுகிறதா, தொண்டைக்குக் கீழே உள்ள பள்ளம் ஆழமாகிறதா, மூக்குத் துவாரம் விரிந்து விரிந்து சுருங்குகிறதா. அப்புறம் ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2 முதல் 11 மாதக் குழந்தைக்கு 50, 1 முதல் 5 வயதுக்கு 40, அதைத் தொட்டாலே வேகமான மூச்சு.

குழி விழுந்தால் போங்கள். பால் குடிக்கவோ ஒரு வாக்கியம் பேசவோ முடியாமல் மூச்சு வாங்கினால் போங்கள். உதடு நீலம் பாய்ந்தாலோ குழந்தை சோர்ந்து கண் சொருகினாலோ அது உயிர் போகும் அவசரம். இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும்: கஷ்டப்பட்டு மூச்சு விட்ட குழந்தையின் விசில் சத்தம் திடீரென்று நின்றுபோய், குழந்தை இன்னும் சோர்வாகவே இருந்தால், அது சரியானதற்கு அடையாளம் இல்லை, காற்றே போகாத நிலை.

இன்ஹேலர் பழகிவிடும், விடவே முடியாது என்கிறார்களே?

பழக்கம் எதுவும் இல்லை. மருந்து தேவைப்படும்வரை தேவைப்படுகிறது, நோய் அடங்கினால் மருத்துவரே குறைத்து நிறுத்துவார்.

இரண்டு வகை உண்டு. சால்புடமால் மாதிரி உடனடி நிவாரணம் தருவது, இறுகிய குழாயை சில நிமிடத்தில் தளர்த்தும். தினமும் எடுப்பது குறைந்த அளவு ஸ்டீராய்டு, குழாயின் உள்வீக்கத்தை ஆற்றும், முழுப் பலன் தெரிய சில வாரம் ஆகும். இரண்டாவதை நிறுத்திவிட்டு முதலாவதை மட்டும் வைத்து ஓட்டுவதுதான் நான் பார்த்ததிலேயே அதிகம் நடக்கும் தவறு, ஏனென்றால் முதலாவது உடனே கண்ணுக்குத் தெரிகிறது, இரண்டாவது எதுவும் செய்யாத மாதிரி இருக்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வாரத்தில் ஒரு தடவைக்கு மேல் நிவாரண மருந்து தேவைப்பட்டால் ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்றே பொருள்.

ஸ்டீராய்டு பயம் நியாயமானது, அதனால் உண்மைக் கணக்கைச் சொல்கிறேன். புடெசொனைட் என்ற ஸ்டீராய்டு இன்ஹேலரை நான்கைந்து வருடம் தினமும் எடுத்த பள்ளிவயதுக் குழந்தைகளை வளர்ந்த பிறகு அளந்தார்கள், மருந்து எடுக்காதவர்களைவிடச் சராசரியாக 1.2 செ.மீ. உயரம் குறைவு என்று 2012-இல் வெளியானது. அவ்வளவுதான் விலை. மறுபக்கம், கட்டுக்குள் இல்லாத ஆஸ்துமா தூக்கத்தையும் வளர்ச்சியையும் கெடுக்கிறது, ஒவ்வொரு கடும் தாக்குதலிலும் வாய்வழி ஸ்டீராய்டு கொடுக்க வேண்டிவருகிறது. இன்ஹேலரில் அளவு மைக்ரோகிராமில், வாய்வழியில் மில்லிகிராமில்.

ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தும் பிளாஸ்டிக் குடுவை) மாஸ்க்கை வைத்தாலே அலறுகிறான். அழும்போது உள்ளே போகுமா?

சரியாகப் போகாது, அழும் குழந்தையின் மருந்து பெரும்பாலும் வாயிலும் தொண்டையிலும் நின்றுவிடுகிறது. அதனால் சண்டை போட்டு ஜெயிப்பதில் பயன் இல்லை. நல்ல உடம்பாக இருக்கும் நாட்களில், மருந்து இல்லாமல், மாஸ்க்கைக் கையில் கொடுத்து விளையாட விடுங்கள். பொம்மைக்கு வைக்கட்டும், உங்கள் முகத்தில் வைக்கட்டும். அப்புறம் மடியில் முதுகு உங்கள் மார்பில் படும்படி உட்கார வைத்து, ஒரு கையால் அணைத்து, மறு கையால் மூக்கும் வாயும் மூடும்படி மாஸ்க்கை இடைவெளி இல்லாமல் பொருத்துங்கள். ஓரத்தில் சின்ன இடைவெளி இருந்தாலும் மருந்து வெளியே போய்விடும். இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி, ஒரு முறை அழுத்தி, ஐந்தாறு மூச்சு எண்ணுங்கள், ஸ்பேசரின் வால்வு அசைவது கண்ணுக்குத் தெரியும். இரண்டாவது தடவைக்கு மறுபடி குலுக்க வேண்டும், இரண்டையும் சேர்த்து அழுத்தக் கூடாது. ஸ்டீராய்டு என்றால் முடிந்ததும் முகத்தைத் துடைத்து வாய்க்குக் கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.

ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் அலசித் துணியால் துடைக்காமல் தானாகக் காய விடுங்கள். துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி, மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

மருந்தைப் புகை மாதிரி ஆக்கித் தரும் நெபுலைசர்தானே அதிக சக்தி?

இல்லை. சாதாரண, நடுத்தரத் தாக்குதலுக்கு ஸ்பேசரோடு இன்ஹேலர் அதே அளவு வேலை செய்கிறது, நேரமும் மிச்சம். ஆக்சிஜன் தேவைப்படும் கடுமையான நிலைக்கு மருத்துவமனையில் நெபுலைசர் வைப்பார்கள்.

ஆஸ்துமாவுக்கு மான்டலுகாஸ்ட் மாத்திரை கொடுத்தார்கள், குழந்தை ராத்திரியில் அலறுகிறது.

மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். கெட்ட கனவு, எரிச்சல், மனநிலை மாற்றம் இவை அந்த மருந்தின் அறிந்த பக்கவிளைவுகள், 2020-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்கு மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. பல குழந்தைகளுக்கு ஒன்றும் ஆவதில்லை, ஆனால் கவனிக்கச் சொல்லாமல் கொடுப்பது சரியில்லை.

வீட்டில் என்ன மாற்ற வேண்டும்?

ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் புகையை நிறுத்துங்கள். கர்ப்பத்தில் புகைத்தாலோ வீட்டில் மற்றவர் புகைத்தாலோ குழந்தைக்கு வீசிங் வாய்ப்பு கூடுவது சந்தேகமே இல்லாத விஷயம். பால்கனியில் போய்ப் புகைத்துவிட்டு வந்து குழந்தையைத் தூக்கினாலும் சட்டையிலும் முடியிலும் அது வந்துசேர்கிறது. அடுப்புப் புகை, கொசுவத்தி, வாசனை ஸ்ப்ரே எல்லாம் அதே கணக்குதான்.

தூசிப்பூச்சி அடுத்தது, அதுவும் அதற்கு அலர்ஜி உள்ள குழந்தைக்கு மட்டும். கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது, நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதில்களைத் தின்று மெத்தையிலும் தலையணையிலும் வாழும். வாரம் ஒருமுறை படுக்கைத் துணியை 55 முதல் 60 டிகிரி சூட்டில் துவையுங்கள், மெத்தைக்கு நெருக்கமாக நெய்த உறை போடுங்கள். இவற்றில் ஒன்றை மட்டும் செய்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. சுவரில் ஈரம் ஊறிப் பூஞ்சை பிடித்திருந்தால் மேலே பெயின்ட் அடிப்பதில் பயனில்லை, ஈரம் வரும் வழியை அடைக்க வேண்டும்.

பூனையைக் கொடுத்துவிட வேண்டுமா?

குழந்தைக்குப் பூனை அலர்ஜி உறுதியாகி ஆஸ்துமாவும் இருந்தால், ஆம், வருத்தமாக இருந்தாலும் அதுதான் நல்லது. போன பிறகும் அதன் புரதம் வீட்டில் மாதக்கணக்கில் தங்கியிருக்கும், உடனே மாற்றம் தெரியவில்லையே என்று குழம்ப வேண்டாம். அலர்ஜியே இல்லாத குழந்தைக்காக முன்கூட்டியே செல்லப்பிராணியை அனுப்பவும் வேண்டாம், தடுப்பு மருந்து மாதிரி நினைத்துப் புதிதாக வாங்கவும் வேண்டாம்.

ரொம்பச் சுத்தமாக வளர்த்ததால்தான் வந்ததா?

1989-இல் பிரிட்டன் ஆய்வாளர் டேவிட் ஸ்ட்ராகன், அண்ணன் அக்கா நிறைய உள்ள குழந்தைகளுக்கு மூக்கு அலர்ஜி குறைவு என்று கவனித்தார், அங்கிருந்து வந்ததுதான் இந்தப் பேச்சு. 2016-இல் வந்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. அமெரிக்காவில் அமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு விவசாயச் சமூகங்கள், மரபிலும் வாழ்க்கை முறையிலும் நெருக்கமானவை. அமிஷ் குழந்தைகளில் ஆஸ்துமா 5 சதவீத அளவு, ஹட்டரைட் குழந்தைகளில் 21 சதவீத அளவு. அமிஷ் குடும்பங்கள் வீட்டை ஒட்டியே மாடும் குதிரையும் வைத்துப் பழைய முறையில் விவசாயம் செய்கின்றன, மற்றவர்கள் தள்ளியிருக்கும் பெரிய இயந்திரப் பண்ணைகளில். அமிஷ் வீட்டுத் தூசியில் நுண்ணுயிர்களின் எச்சம் பல மடங்கு.

இதிலிருந்து கைகழுவாமல் இருங்கள் என்ற முடிவுக்கு வர முடியாது. மாட்டுத் தொழுவத்தின் நுண்ணுயிர் வேறு, வயிற்றுப்போக்கு தரும் கிருமி வேறு. குழந்தையை மண்ணில் விளையாட விடுங்கள், வெறும் வைரஸ் சளிக்கு ஆன்டிபயாடிக் கேட்டு வாங்காதீர்கள், சாப்பிடும் முன் கை கழுவ வையுங்கள். குழந்தைக்கு ஆஸ்துமா வந்தது உங்கள் வீட்டுத் தரை சுத்தமாக இருந்ததால் இல்லை.

முட்டை அலர்ஜி இருந்தால் தடுப்பூசி போடலாமா?

தட்டம்மைத் தடுப்பூசி, ஃப்ளூ தடுப்பூசி இரண்டும் போடலாம். ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு ஃப்ளூ தடுப்பூசி இன்னும் முக்கியம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி என்றால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஓடி விளையாட விடலாமா?

கட்டாயம். ஓடினால் இருமல் வருகிறது என்றால் ஓட்டத்தை நிறுத்தாதீர்கள், ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்று மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வளர வளரப் போய்விடுமா?

பால், முட்டை, கோதுமை அலர்ஜி பெரும்பாலான குழந்தைகளுக்குப் போய்விடுகிறது, சிலருக்குப் பள்ளிக்கூடம் சேர்வதற்குள், சிலருக்குப் பதின்ம வயதில். வேர்க்கடலை அலர்ஜி ஐந்தில் ஒருவருக்குத்தான் போகிறது. போய்விட்டதா என்று நீங்களே வீட்டில் சோதித்துப் பார்க்காதீர்கள், மருத்துவமனையில் வைத்து அளந்து கொடுத்துப் பார்ப்பார்கள். ஆஸ்துமா பலருக்கு அடங்கிவிடும், சிலருக்குப் பெரியவரான பிறகு திரும்பும், கரப்பானும் மற்ற அலர்ஜிகளும் சேர்ந்து இருந்தவர்களுக்குத் தொடரும் வாய்ப்பு அதிகம்.

முதன்முதலாகப் பள்ளியில் விடப் போகிறோம். என்ன சொல்லி அனுப்புவது?

வாயால் சொன்னது மறந்துபோகும், ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். குழந்தையின் படம், எது ஆகாது, லேசாக வந்தால் என்ன செய்வது, எந்த அறிகுறிக்கு எந்த மருந்து எத்தனை முறை, யாரைக் கூப்பிடுவது, எல்லாம் ஒரே பக்கத்தில், உங்கள் மருத்துவரிடம் காட்டி எழுதியதாக இருக்கட்டும். ஸ்பேசரைப் பொருத்துவதை ஆசிரியரை ஒருமுறை செய்யவே வையுங்கள், பார்த்தால் போதாது. நிவாரண இன்ஹேலர் தலைமையாசிரியர் அறையில் பூட்டிய அலமாரியில் இருந்தால் யாருக்கும் பயனில்லை, குழந்தை இருக்கும் வகுப்பிலேயே இருக்க வேண்டும். ஒவ்வொரு பருவம் தொடங்கும்போதும் அதைக் கையில் எடுத்துக் காலாவதித் தேதியையும் மீதி எத்தனை அழுத்தம் இருக்கிறது என்பதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.